நினைவை நம்பிப் போட்ட உறுதிமொழி: கலிஃபோர்னியாவில் ஒரு 25 மணி வழக்கு

கலிஃபோர்னியாவில் தொழில் செய்யும் வழக்கறிஞர் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, அங்கே வழக்கறிஞர்களுக்கு உரிமம் தந்து கண்காணிக்கும் அமைப்பான ஸ்டேட் பாரின் இணையதளத்தில் தன் கணக்கைத் திறந்து ஓர் உறுதிமொழி தர வேண்டும். இந்த மூன்றாண்டில் கட்டாயத் தொடர் சட்டக் கல்வி 25 மணி நேரத்தை முடித்துவிட்டேன், இதில் பொய் இருந்தால் பொய்ச்சாட்சிக்குரிய தண்டனைக்கு உட்படுகிறேன் என்பது அதன் சாரம். சான்றிதழ் எதையும் அப்போது இணைக்க வேண்டியதில்லை. அரை நிமிட வேலை. வேலை இவ்வளவு சுலபமாக இருப்பதால்தான் பலர் அதில் வழுக்கி விழுகிறார்கள்.

வழக்கறிஞர்கள் மீதான ஒழுங்கு வழக்குகளை விசாரிக்கும் ஸ்டேட் பார் நீதிமன்றத்தின் மறுஆய்வுத் துறை 2014-ல் தீர்த்த ஒரு வழக்கு, இந்த அரை நிமிடத்தில் என்ன அடங்கியிருக்கிறது என்பதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக் காட்டியது. சம்பந்தப்பட்ட வழக்கறிஞரின் பெயர் இங்கே தேவையில்லை. அவர் செய்ததை நாளைக்கு யாரும் செய்யலாம்.

நடந்தது இதுதான். அவர் மீது அதற்கு முன் எந்த ஒழுங்கு நடவடிக்கையும் இருந்ததில்லை. கெடு வந்ததும் 25 மணியும் முடித்ததாக இணையத்தில் உறுதி தந்தார். பிறகு ஸ்டேட் பார் தணிக்கைக்குச் சிலரைத் தேர்ந்தெடுத்தது. அவர் பெயரும் அதில் இருந்தது. சான்றிதழ்களை அனுப்பச் சொன்னார்கள். அனுப்ப அவரிடம் எதுவும் இல்லை. படித்த ஞாபகம் இருந்தது, அந்த ஞாபகத்தைக் கோப்போடு ஒப்பிட்டுப் பார்க்காமலே உறுதி தந்திருந்தார். தவறு தெரிந்ததும் மறைக்கவில்லை. ஒத்துழைத்தார், விடுபட்ட மணிகளையும் முடித்தார்.

இதில் ஏமாற்றும் நோக்கம் இருந்ததாக நீதிமன்றம் சொல்லவில்லை. ஆனாலும் வணிக, தொழில்முறைச் சட்டத் தொகுப்பின் 6106-ஆம் பிரிவு அவர் மேல் பாய்ந்தது. ஒழுக்கக்கேடு, நேர்மையின்மை ஆகியவற்றைப் பேசும் பிரிவு அது. வழக்கறிஞர்கள் கேட்டாலே நடுங்கும் எண். கலிஃபோர்னியாவின் தீர்ப்பு மரபில் இந்தப் பிரிவுக்கு வேண்டுமென்றே சொன்ன பொய் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. மிகுந்த அசட்டையும் போதும். பொய்ச்சாட்சித் தண்டனையின் பேரில் ஒன்றை உறுதி செய்யும்போது, அது உண்மைதானா என்று பார்க்க வேண்டிய கடமை உறுதி செய்பவருக்கு இருக்கிறது. பார்க்காமல் சொன்னது மிகுந்த அசட்டை என்று முடிவானது.

தண்டனை: பகிரங்கக் கண்டனம். உரிம இடைநிறுத்தம் இல்லை. 6106-ஐ மீறினால் உண்மையான இடைநிறுத்தமோ உரிமப் பறிப்போதான் தொடக்கப் புள்ளி என்று தண்டனை அளவுகோல்கள் சொல்கின்றன. இவருடைய கறையில்லாத நெடுநாள் தொழில் வாழ்க்கை, ஒத்துழைப்பு, நற்பெயர் போன்ற தணிப்புக் காரணங்கள் பல சேர்ந்து நின்றதாலும், எதிர்ப் பக்கத்தில் கடுமையாக்கும் காரணம் எதுவும் இல்லாததாலும்தான் அளவுகோலிலிருந்து இறங்கி வந்தார்கள். பகிரங்கக் கண்டனம் சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். வழக்கறிஞரின் பெயரை ஸ்டேட் பார் இணையதளத்தில் தேடும் எந்தக் கட்சிக்காரரும் அதைப் பார்க்கலாம்.

இந்த வழக்கில் மணிக்குறைவு மட்டும் இருந்திருந்தால் விஷயம் நிர்வாகத்தோடு முடிந்திருக்கும். கெடுவுக்குள் முடிக்காதவருக்கு முதலில் நோட்டீஸ் வரும், தாமதக் கட்டணம் விழும். அதற்கும் அசையாவிட்டால் அவரைச் ‘செயல்படாத’ பட்டியலுக்கு மாற்றுவார்கள்; அந்த நிலையில் அவர் வழக்காட முடியாது, சட்ட ஆலோசனை சொல்ல முடியாது. மணிகளை முடித்து, பணத்தைக் கட்டினால் திரும்பி வரலாம். ஒழுக்கக்கேடு என்ற சொல் அந்தப் பாதையில் எங்கும் வராது. 'முடிக்கவில்லை, தாமதமாகிறது' என்று சொன்னவர் பணத்தோடு தப்புகிறார். 'முடித்தேன்' என்று பார்க்காமல் சொன்னவர் 6106-இல் மாட்டுகிறார்.

படிக்காமலே இருந்தால் எதுவரை போகும் என்பதற்கு இன்னொரு பழைய வழக்கு உண்டு: வார்டன் எதிர் கலிஃபோர்னியா ஸ்டேட் பார், மாநில உச்ச நீதிமன்றம், 1999. அப்போது மூன்றாண்டுக்கு 36 மணி. ஓய்வுபெற்ற நீதிபதிகள், மாநில அதிகாரிகள், தேர்ந்தெடுக்கப்பட்ட பதவியில் இருப்பவர்கள், முழுநேரச் சட்டப் பேராசிரியர்கள் ஆகியோருக்கு விலக்கு இருந்தது. அவர்களுக்கு மட்டும் விலக்கு தந்து மற்றவர்களைப் படிக்கச் சொல்வது சமத்துவத்துக்கு விரோதம் என்பது வழக்கறிஞர் வார்டனின் வாதம். மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்று, திட்டம் செல்லாது என்றது. உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது: விலக்குகளுக்கு ஏதாவது நியாயமான காரணம் யோசித்துப் பார்க்க முடிந்தாலே போதும் என்றது. வென்றது ஸ்டேட் பார்தான்; ஆனால் அதே காலத்தில் 36 மணி 25 ஆகக் குறைந்தது. 25 மணி உண்மையிலேயே ஒருவரைத் திறமையான வழக்கறிஞராக்குகிறதா என்ற கேள்விக்கு அந்தத் தீர்ப்பில் பதில் தேடக் கூடாது. நீதிமன்றத்தின் முன் இருந்த கேள்வி வேறு.

25 மணிக்குள் என்னென்ன இருக்க வேண்டும்

தணிக்கையில் விழுபவர்கள் எல்லோரும் படிக்காதவர்கள் இல்லை. நிறையப் படித்து, தப்பான பெட்டியில் போட்டவர்களும் உண்டு.

முதல் வரம்பு, பங்கேற்பும் சுயகற்றலும். 25-ல் குறைந்தது 12.5 மணி பங்கேற்பு வகையாக இருக்க வேண்டும். பாடம் நடத்தும் நிறுவனம், ஆள் கலந்துகொண்டதைத் தானே சரிபார்த்துச் சான்று தந்தால் அது பங்கேற்பு. நேரில் உட்கார்ந்தாலும் சரி, இணையத்தில் பதிவு செய்த பாடத்தைப் பார்த்தாலும் சரி, நிறுவனம் சரிபார்த்ததா என்பதுதான் கேள்வி. அதே பாடத்தின் ஒலிப்பதிவைக் காரில் கேட்டுக்கொண்டே போனால், சரிபார்க்க ஆள் இல்லாததால், சுயகற்றல். கட்டுரை படித்து வினாத்தாளுக்குப் பதில் எழுதுவதும், சட்டக் கட்டுரை எழுதுவதும் சுயகற்றல்தான். சுயகற்றலுக்கு உச்சவரம்பு 12.5. அதற்கு மேல் எவ்வளவு படித்தாலும் அறிவு வளரும், கணக்கு வளராது.

இரண்டாவது வரம்பு, சிறப்புப் பாடங்கள். 2014 வழக்கின் காலத்தில் இது லேசு: தொழில்நெறி 4 மணி, பாகுபாடு ஒழிப்பு 1, போதைப் பழக்கமும் மனநலமும் சார்ந்த தகுதிப் பாடம் 1. மொத்தம் ஆறு. இப்போது தொழில்நெறி 4, பாகுபாடு ஒழிப்பு 2, தகுதிப் பாடம் 2, சட்டத் தொழிலில் தொழில்நுட்பம் 1, பண்பாடான நடத்தை 1. மொத்தம் பத்து. இரண்டு இடங்களில் உள்ளுக்குள் இன்னொரு உள் இருக்கிறது: பாகுபாடு ஒழிப்பின் இரண்டு மணியில் ஒன்று, நாமே அறியாமல் நம்முள் இருக்கும் சாய்வைப் பற்றியதாக இருக்க வேண்டும். அது 2019-ல் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவின் விளைவு. தகுதிப் பாடத்தில் ஒன்று, பிரச்சினையை முன்கூட்டியே கண்டறிந்து தடுப்பது பற்றியதாக இருக்க வேண்டும். சென்ற சுழற்சியின் பட்டியலை மனதில் வைத்துக்கொண்டு இந்தச் சுழற்சிக்குப் படித்தவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

மணி என்றால் முழுசாக 60 நிமிடம். நியூயார்க்கில் 50 நிமிடம் ஒரு மணி. அங்கே இரண்டாண்டுக்கு 24 மணி. இரண்டு மாநிலத்திலும் உரிமம் வைத்திருப்பவர் ஒரே சான்றிதழின் எண்ணை இரண்டு இடத்திலும் அப்படியே எழுதினால், கலிஃபோர்னியாவில் 50 நிமிடத்தை ஒரு மணி என்று கணக்குக் காட்டியவராகிறார். இரண்டு மூன்று பாடம் என்றால் பெரிதாகத் தெரியாது. நியூயார்க் கணக்கில் 24 மணி என்பது கலிஃபோர்னியாக் கணக்கில் சரியாக 20 மணி.

ஒரு மாதிரிக் கோப்பு

நடைமுறையில் கணக்கு எப்படிக் கலைகிறது என்பதைக் காட்ட ஒரு கோப்பைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். அதில் ஆறு பதிவுகள். வார இறுதிக் கருத்தரங்கு, 9 மணி, அதில் தொழில்நெறி 2. இணையப் பாடங்கள் 6 மணி, நிறுவனம் சரிபார்த்தவை, அதில் தொழில்நுட்பம் 1. கட்டுரை படித்து வினாத்தாள் எழுதியது 14 மணி, அதில் தொழில்நெறி 2. அங்கீகாரம் பெற்ற கூட்டம் ஒன்றில் அரை மணி நேரம் பேசியது. அதே பேச்சை இன்னொரு கூட்டத்தில் மறுபடி பேசியது. அலுவலகத்தில் மதிய உணவு வேளையில் மூத்தவர் ஒருவர் நடத்திய 1 மணி நேர வகுப்பு.

கோப்பின் சொந்தக்காரர் போட்ட கூட்டல்: 9 + 6 + 14 + 4 + 1 = 34. பேச்சுக்கு நான்கு மடங்கு என்று கேள்விப்பட்டிருக்கிறார். இரண்டு முறை அரை மணி, ஆக 4 மணி. 25-க்கு மேல் 9 மணி கையிருப்பு. நிம்மதியாக உறுதிமொழி கொடுக்கத் தயார்.

இப்போது தணிக்கையாளர் கண்ணால் பார்க்கலாம். கருத்தரங்கின் கடைசி ஒன்றரை மணிப் பகுதிக்கு அவர் இருக்கவில்லை, விமானத்துக்குக் கிளம்பிவிட்டார். சான்றிதழில் 9 என்று அச்சாகியிருந்தாலும் உரிமை கோரத்தக்கது உட்கார்ந்த நேரம் மட்டுமே: 7.5. இணையப் பாடம் 6, குறையில்லை. சுயகற்றல் 14-ல் 1.5 உச்சவரம்பில் வெட்டுப்படும்: 12.5. பேச்சுக்கு நான்கு மடங்கு என்பது முதல் தடவைக்குத்தான். அதே உரையைத் திரும்பப் பேசினால் பேசிய நேரம் மட்டும். ஆக 2 + 0.5 = 2.5. மதிய வகுப்புக்குப் பின்னால் அங்கீகாரம் பெற்ற நிறுவனம் இல்லை, சான்றிதழும் இல்லை: பூஜ்யம். மொத்தம் 28.5. பங்கேற்பு 16, வரம்பைத் தாண்டிவிட்டது. இதுவரை தேறுகிறார்.

சிறப்புப் பாடத்துக்கு வந்தால் கதை முடிகிறது. தொழில்நெறி 4 இருக்கிறது, தொழில்நுட்பம் 1 இருக்கிறது. பாகுபாடு ஒழிப்பு 2, தகுதி 2, நடத்தை 1 ஆகிய மூன்றும் இல்லை. ஐந்து மணி குறைவு. 34 மணி என்று எழுதியவர் விதிப்படி முடிக்காதவர். மிச்சமிருக்கும் மூன்றரை மணி பொதுப் பாடத்தை இந்த ஐந்துக்கு ஈடாக வைக்க முடியாது. அடுத்த சுழற்சிக்குக் கொண்டுபோகவும் முடியாது, மிகை மணிகள் காலத்தோடு காலாவதி.

ஆகவே கூட்டலை மேலிருந்து தொடங்குவது தப்பான வரிசை. முதலில் பத்து மணி சிறப்புப் பாடங்களைத் தனித்தனியாக நிரப்ப வேண்டும், உள்பிரிவு இரண்டையும் சேர்த்து. பிறகு பங்கேற்பு 12.5-ஐத் தொட்டதா என்று பார்க்க வேண்டும். மொத்தம் 25 என்பது கடைசியாகப் பார்க்க வேண்டிய எண். முதல் இரண்டும் சரியானபின் மிச்சத்தை எந்தப் பாடத்தாலும் நிரப்பலாம். சிறப்புப் பாடத்தைச் சுயகற்றலாகப் படித்தாலும் ஏற்பார்கள் என்பதால், கெடு நெருங்கும்போது மிச்சத்தை முடிப்பது கஷ்டமில்லை.

எந்தக் குழு, எந்தக் கெடு

கெடு எல்லோருக்கும் ஒரே ஆண்டில் வருவதில்லை. கடைசிப் பெயரின் முதல் ஆங்கில எழுத்தை வைத்து மூன்று குழு: ஏ முதல் ஜி வரை முதல் குழு, ஹெச் முதல் எம் வரை இரண்டாவது, என் முதல் இசட் வரை மூன்றாவது. பதிவு செய்தபோது இருந்த பெயர்தான் கணக்கு. திருமணத்தாலோ வேறு காரணத்தாலோ பெயர் மாறினாலும் குழு மாறாது.

தமிழ்ப் பெயர்களுக்கு இதில் ஒரு தனிக் குழப்பம் உண்டு. தலைப்பெழுத்தோடு வாழும் ஊரிலிருந்து போனவர்களின் கடவுச்சீட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராக உட்கார்ந்திருக்கும். சிலருக்குச் சொந்தப் பெயரே அங்கே போயிருக்கும். அலுவலகத்தில் எல்லோரும் ‘குமார்’ என்று கூப்பிட, பதிவேட்டில் ‘சுப்பிரமணியன்’ கடைசிப் பெயராக இருந்தால் அவர் இரண்டாவது குழுவில் இல்லை, மூன்றாவதில் இருக்கிறார். ஓர் ஆண்டு முன்போ பின்போ தப்புக் கணக்குப் போட இது போதும். ஸ்டேட் பார் கணக்கைத் திறந்தால் குழு அங்கேயே எழுதியிருக்கும். எழுத்தை வைத்து ஊகிக்கத் தேவையே இல்லை.

மூன்றாண்டில் சில மாதங்கள் செயல்படாத பட்டியலில் இருந்தவருக்கும், விலக்குப் பெற்ற வேலையில் இருந்தவருக்கும் மணிகள் விகிதப்படி குறையும். குறைத்துக்கொள்வது ஊகத்தால் அல்ல, முழு மாதங்களை எண்ணி. முழு நேர மாநில அரசு வழக்கறிஞர்களுக்கும், தங்கள் வேலைக்குள் நின்று செயல்படும் மத்திய அரசு வழக்கறிஞர்களுக்கும் விலக்கு உண்டு. நகராட்சி, மாவட்ட வேலைக்கு அந்த விலக்கு நீளாது. அரசு வேலைதானே என்று நினைத்து விலக்குக் கோருவது ஒரு வகைத் தப்பான உறுதிமொழிதான்.

இந்திய வாசகருக்கு இது கொஞ்சம் அந்நியமாகத் தெரியலாம். 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டத்தின் கீழ் பார் கவுன்சிலில் பதிந்து, அகில இந்தியப் பார் தேர்வை முடித்தவரிடம் மூன்றாண்டுக்கு ஒருமுறை மணிக்கணக்கு கேட்கும் வழக்கம் இங்கே இல்லை. அமெரிக்காவிலும் ஆதிகாலம் தொட்டு இருந்ததல்ல. மின்னசோட்டாவும் அயோவாவும் 1975-ல் தொடங்கி வைத்தன. கலிஃபோர்னியா 1989-ல்தான் அதற்குச் சட்டம் போட்டது.

தணிக்கைக் கடிதம் வந்த பிறகு

கடிதம் வந்ததும் பலர் செய்யும் முதல் காரியம், ஓடிப்போய்ப் பாடங்களை முடித்து, அந்தச் சான்றிதழ்களை அனுப்புவது. முடிப்பது நல்லதுதான், 2014 வழக்கில் அது சம்பந்தப்பட்டவருக்குச் சாதகமாகவும் நின்றது. ஆனால் அது குறையை நிரப்புகிறதே தவிர, உறுதிமொழியை உண்மையாக்குவதில்லை. சான்றிதழில் தேதி இருக்கிறது. உறுதி தந்த தேதிக்குப் பிந்திய சான்றிதழ், அன்றைக்கு உறுதிமொழி உண்மையில்லை என்பதற்கு வழக்கறிஞரே கையோடு கொடுக்கும் சாட்சி. ஆகவே அதை அனுப்பும்போது, 'இவை பின்னால் முடித்தவை' என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுவது ஒன்றே வழி. குழப்பமான தாள்களின் நடுவே அவற்றைச் செருகி, யாரும் தேதி பார்க்கமாட்டார்கள் என்று நம்புவது அசட்டையாக இருந்ததைப் பொய்யாக மாற்றிவிடும். அப்புறம் தணிப்புக் காரணங்களில் ஒன்றான ஒத்துழைப்பும் கையை விட்டுப் போகும்.

தேதியைப் பின்னோக்கித் திருத்துவது பற்றிப் பேசவே வேண்டாம். பாடம் நடத்தும் நிறுவனங்கள் வருகைப் பதிவுகளை நான்கு ஆண்டு வைத்திருக்க வேண்டும். ஸ்டேட் பார் கேட்டால் பதில் வந்துவிடும். அதே பதிவு நேர்மையானவருக்கும் உதவும்: உண்மையில் கலந்துகொண்டு சான்றிதழைத் தொலைத்தவர், நிறுவனத்திடம் நகல் கேட்டு வாங்கலாம். உறுதிமொழி தரும் முன்பே கேட்டால் அது தேடல், தணிக்கைக்குப் பின் கேட்டால் ஓட்டம்.

வழக்கறிஞர் தன் பக்கத்தில் பதிவுகளை வைத்திருக்க வேண்டிய காலம், உறுதிமொழி தந்ததிலிருந்து ஓராண்டு. பங்கேற்புக்குச் சான்றிதழ், சுயகற்றலுக்குத் தலைப்பும் தேதியும் மணியும் எழுதிய குறிப்பு. எல்லாச் சுயகற்றலுக்கும் சான்றிதழ் வராது என்பதால் அன்றன்றைக்கே எழுதாத குறிப்பு, பிறகு நினைவிலிருந்து எழுதப்படும். 2014-ல் நீதிமன்றம் தப்பென்று சொன்னதும் அந்த நினைவைத்தான். ஓராண்டு என்பதை மூன்றாண்டு முடிந்ததும் தொடங்கும் ஓராண்டு என்று படிக்க வேண்டும்: சுழற்சியின் முதல் மாதத்தில் முடித்த பாடத்தின் தாள், ஏறக்குறைய நான்கு ஆண்டு கையில் இருக்க வேண்டியிருக்கும். இடையில் அலுவலகம் மாறினால் பழைய மின்னஞ்சலில் வந்த சான்றிதழ்கள் அந்தக் கணக்கோடு போய்விடும். வேலையை விடும் கடைசி நாளில் கைப்பேசிச் சார்ஜரை எடுத்துக்கொள்ள நினைவிருப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். பாடம் முடிந்த அன்றே சொந்த மின்னஞ்சலுக்கு ஒரு நகல் அனுப்பி, கோப்பின் பெயரிலேயே தேதி, மணி, சிறப்புப் பாட வகை மூன்றையும் எழுதிவைத்தால், கெடு நாளன்று கூட்டல் போட ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.